பூஜைக்குத் துடைத்த சைக்கிள்

விழாமல் ஓட்டினோமாம்! போன வாரம் முகப்பேர் பூங்காவில் நம் வயசுக்காரர் ஒருவர், பேரனுக்கு வாங்கிய புது சைக்கிளைப் பற்றி அலுத்துக்கொண்டார். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பிரேக்கே அரை சைக்கிள் விலை. நாமெல்லாம் மழையிலும் சேற்றிலும் விழாமல் ஓட்டவில்லையா?" என்றார். பெஞ்சில் இருந்த எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சர்க்கரை மாத்திரையை மறந்துவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். நாம் விழுந்தோம், ஐயா. நன்றாகவே விழுந்தோம். விழுந்ததை யாரும் பேசவில்லை, அவ்வளவுதான். நான் பேசப் போகிறேன்.

அப்போது எங்கள் வீடு அம்பத்தூரில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் தொழிற்பேட்டை. நாங்கள் எஸ்டேட் என்றுதான் சொல்வோம். அப்பாவுக்கு அங்கே ஒரு சின்னப் பட்டறையில் லேத் வேலை. அவர் வீட்டுக்கு வந்தால் அவருக்கு முன்னால் மிஷின் எண்ணெய் வாசனை வந்து சேரும். எனக்கும் அக்காவுக்கும் ஏழெட்டு வயசு வித்தியாசம். நான் அஞ்சாம் வகுப்பு படித்தபோது அக்கா பள்ளிக்கூடம் முடித்து, எஸ்டேட்டில் சுவிட்ச் செய்கிற ஒரு கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள். எங்கள் தெருவிலேயே கம்பெனி வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான். பயிற்சி முடிந்தால் நிரந்தரம் ஆக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த நிரந்தரம் என்ற வார்த்தையை அக்கா பலகாரம் மாதிரி வாயில் வைத்துக்கொண்டு திரிந்தாள்.

சங்கு ஊதினால் கேட்டை மூடிவிடுவார்கள். பஸ்ஸோ சங்கு ஊதி முடித்த பிறகுதான் ஆடி அசைந்து வரும். அதனால் சைக்கிள் இல்லை என்றால் வேலை இல்லை. இது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அப்பாவே எங்கெங்கோ அலைந்து, பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றைப் பிடித்து, பாகம் பாகமாகக் கழற்றி மாட்டிச் சரிசெய்து கொடுத்தார். மயில்கழுத்துப் பச்சை. பின்சக்கரத்தில் பாவாடை சிக்காமல் இருக்க நூல் வலை கட்டியிருக்கும். அந்த வலையை இப்போது யாராவது பார்த்திருக்கிறீர்களா? இரவில் டைனமோவைச் சாய்த்துவிட்டால் கொசு ரீங்காரம் போட்டுக்கொண்டே விளக்கு எரியும். என் பள்ளிக்கூடம் போகிற வழியில் இருந்ததால் கேரியர் என்னுடையது.

அக்கா பயந்தாங்கொள்ளி இல்லை. ஆனால் ரோட்டை அவள் மதித்த மாதிரி வேறு யாரும் மதித்து நான் பார்த்ததில்லை. மழை வந்தால் எனக்கு வகுப்பே எடுப்பாள்.

"மொத மழைதாண்டி மோசம். ரோட்ல கீற எண்ணெய், தூசி எல்லாம் மேல வந்துடும். நல்லா கொட்டிக் கழுவி உட்டுச்சுன்னா அப்பால பயமில்ல."

"அப்ப மொத மழையில இன்னா பண்றது?"

"எறங்கித் தள்ளிகினு போறது. இதுல இன்னா வெக்கம்?"

தண்டவாளத்தை நேராக வெட்டிக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் சக்கரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். வளைவில் திரும்பும்போது பெடலை மிதிக்கக் கூடாது. முன் பிரேக்கைத் தனியாகப் பிடிக்கவே கூடாது. சக்கரம் நனைந்திருந்தால் பிரேக் உடனே பிடிக்காது, கொஞ்சம் முன்னாலேயே லேசாக அமுக்கி அமுக்கி விட்டால் தண்ணீர் வழிந்துவிடும், அப்புறம் பிடிக்கும். இதெல்லாம் அவளாகக் கண்டுபிடித்தது. எனக்கும் ஒரு வேலை உண்டு. "நீ அரிசி மூட்டை மாதிரி குந்திகினு இரு. நான் சாஞ்சா நீயும் சாயி. நீயா ஆடினா ரெண்டு பேரும் சாக்கடைதான்," என்பாள். நானும் மூட்டையாகவே இருந்தேன். அந்த வருஷம் ஆடி மழையிலும் ஆவணி மழையிலும் நாங்கள் ஒரு தடவைகூட விழவில்லை.

ஆயுத பூஜை வந்தது. எஸ்டேட் ஆயுத பூஜையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. கேட்டுக்குக் கேட்டு வாழைமரம், மாவிலை, ஒலிபெருக்கி. பொரி, கடலை, சர்க்கரைப் பொங்கல். கடைசியில் பூசணிக்காயில் ஓட்டை போட்டுக் குங்குமமும் சுண்ணாம்பும் கரைத்து ஊற்றி, மேலே சூடம் ஏற்றி, மிஷினையும் ஆட்களையும் சுற்றி, நடு ரோட்டில் போட்டு உடைப்பார்கள். ஓரத்தில் உடைத்தால் திருஷ்டி போகாதாம். நடு ரோடுதான் வேண்டும். லாரி ஏறி, பஸ் ஏறி, அது கூழாகிக் கிடக்கும். அள்ளிப்போட ஒருத்தரும் கிட்டே போக மாட்டார்கள். யாரோ ஒருவருடைய கண்ணேறு அல்லவா அது, தொடுகிறவர்களுக்கு ஒட்டிக்கொள்ளுமே!

கம்பெனி பூஜைக்கு அக்கா பட்டுப் பாவாடை தாவணி கட்டிக்கொண்டு, கசங்கக் கூடாது என்று தோழிகளோடு பஸ்ஸில் போனாள். அப்பா தன் பட்டறை பூஜையை மதியமே முடித்துக்கொண்டு வந்துவிட்டார். கையில் ஒரு டப்பாவில் மிஷின் எண்ணெய், கக்கத்தில் ஒரு கற்றை வேஸ்ட் துணி. சைக்கிளைக் கொல்லையில் தலைகீழாக நிறுத்திக் கழுவினார். காயவைத்தார். பிறகு துடைக்க ஆரம்பித்தார் பாருங்கள். மட்கார்டு, ஹேண்டில்பார், ஒவ்வொரு கம்பியாக, அப்புறம் இரண்டு ரிம்மையும் சுற்றிச் சுற்றி. நான் பெடலைப் பிடித்துச் சுற்றிக்கொடுத்தேன். ரிம்மில் என் முகம் நீளமாகத் தெரிந்தது. எனக்கு ஒரே சிரிப்பு.

"இரும்புக்கு வருஷத்துல ஒரு நாளாச்சும் எண்ணெ காட்டணும். இல்லாங்காட்டி கோச்சிக்கும்," என்றார் அப்பா. மகள் வேலைக்குப் போகிற சைக்கிள் என்ற பெருமை அவர் முதுகிலேயே தெரிந்தது. அவர் ஆசையாகத்தான் செய்தார். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை.

அக்கா திரும்பி வந்தபோது சைக்கிள் உள்ளறையில் சாமி படத்துக்குக் கீழே சந்தனம் குங்குமத்தோடு மாலை போட்டு நின்றது. "அய்ய, கல்யாணப் பொண்ணு கணக்கா கீதே!" என்று கையைத் தட்டினாள். பூஜையில் வைத்ததை வேலை திறக்கும் நாள் வரை தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டுப்பாடு. என் பாடப் புத்தகங்களும் அங்கேயே இருந்ததால் எனக்கு அந்தக் கட்டுப்பாடு மிகவும் பிடிக்கும். அக்காவும் தொடவில்லை. தொட்டிருந்தால் கையில் பிசுக்கு பட்டிருக்கும்.

வேலை திறந்த அன்று காலையில் தூறல். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அப்பாவே சைக்கிளை அதன்மேல் உருட்டி வெளியே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தன் சைக்கிளில் முன்னால் போய்விட்டார். தெருமுனையிலேயே அக்கா, "இன்னாடி, பிரேக் மெத்துன்னு போவுது," என்றாள். நனைந்ததால் என்று நினைத்து, அவள் வழக்கப்படி லேசாக அமுக்கி அமுக்கி விட்டாள். தண்ணீராக இருந்தால் வழிந்திருக்கும். தண்டவாளத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனாள். அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்த பிறகு சின்னச் சரிவு. சரிவின் கீழே, ஒரு கம்பெனி வாசலுக்கு எதிரில், பூசணிக்காய். ஒன்றிரண்டு இல்லை. ரோடே சிவப்பும் வெள்ளையுமாக, விதையும் நாருமாகக் கிடந்தது. புளித்த வாடை எனக்குக் கேரியரிலேயே வந்தது. எதிரில் ஒரு பஸ்.

அக்கா தூரத்திலேயே பார்த்துவிட்டாள். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தாள். எனக்கு அவள் முழங்கை இறுகுவது தெரிந்தது. சைக்கிள் நிற்கவே இல்லை. காலைக் கீழே ஊன்றிப் பார்த்தாள், செருப்பு வழுக்கியது. அப்புறம் அந்தக் கூழின் மேல் சக்கரம் ஏறியது, எங்களுக்குக் கீழே இருந்த ரோடு போய்விட்டது. பஸ் பக்கம் சாயாமல் அவள் வேண்டுமென்றே இடது பக்கம் சாய்த்தாள். நான் மூட்டையாகவே அவளோடு சாய்ந்தேன். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவள் இடது கை ஹேண்டில்பாருக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

டீக்கடையிலிருந்து நாலு பேர் ஓடிவந்தார்கள். முதலில் வந்தவர் என்ன கேட்டார் தெரியுமா? அடிபட்டதா என்று கேட்கவில்லை. "ஐயையோ, திருஷ்டிக்காய் மேலயே உழுந்துட்டியேம்மா!" என்றார். அக்கா வலது கையால் சக்கரத்தைத் தொட்டாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். வலி என்று நினைத்தேன்.

வீட்டுக்கு ரிக்ஷாவில் கொண்டுவந்து விட்டார்கள். பாவாடை முழுக்கச் சிவப்பு. ரத்தம் என்று அம்மா அலறினாள். "ரத்தம் இல்லம்மா, பூசணிக்காய்க் குங்குமம்," என்றேன். அதைக் கேட்டதும் இன்னும் அதிகமாக அலறினாள்.

முழங்கை எலும்பு முறிந்திருந்தது. புத்தூர் கட்டு போட்டார்கள். மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளையுமாக வீடே நாறியது. அன்று மாலை அப்பா வேலை முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது அக்கா மெதுவாகச் சொன்னாள், "பிரேக் புடிக்கலப்பா. ரிம்மு வழவழன்னு கீது."

"மழைத் தண்ணிம்மா," என்றார் அப்பா.

"தண்ணி இல்லப்பா."

அப்பா மூங்கில் கட்டைச் சரிபார்ப்பது போல அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் தெருவுக்கே செய்தி போய்விட்டது. வந்து பார்த்த ஒருத்தியும் கையைப் பற்றிப் பேசவில்லை. கல்யாணம் ஆகாத பெண், யாரோ கழித்துப் போட்ட திருஷ்டிக்காயில் விழுந்து புரண்டுவிட்டாள். இதுதான் பேச்சு. அம்மா எலுமிச்சம்பழம் சுற்றினாள், மிளகாய் சுற்றினாள், மந்திரித்த கயிறு வாங்கிக் கட்டினாள். அக்கா எல்லாவற்றுக்கும் பேசாமல் கையை நீட்டினாள். "கை நல்லாயிட்டா போதும்டி, நான் போய்டுவேன்," என்று என்னிடம் மட்டும் சொல்வாள். வலது கையால் காற்றில் ஸ்க்ரூ முடுக்கிக் காட்டுவாள். சுவிட்சுக்கு ஒரு கையே போதுமாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியிலிருந்து பெரியப்பா வந்தார். அப்பாவுக்கு அண்ணன். அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் அப்பா தரையில்தான் உட்காருவார். அதே நேரத்துக்கு, யாரும் எதிர்பாராமல், அக்காவின் கம்பெனி சூப்பர்வைசர் அம்மாவும் ரொட்டியும் சாத்துக்குடியும் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

"உங்க பொண்ணு கை சுத்தம், வேலை சுத்தம். இடத்தை வெச்சிருக்கோம். கை சரியானதும் அனுப்பி வைங்க," என்றார்கள்.

அக்காவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! ஆனால் பெரியப்பா தொண்டையைக் கனைத்தார்.

"அனுப்பறதாவது? சைக்கிள்ல போனதுக்குத்தான் இந்தக் கோலம். எவனோ கம்பெனிக்காரன் கண்ணேற எல்லாம் சுத்தி ஒடச்ச காய்மா அது. அது மேல வயசுப் பொண்ணு உழுந்துகீறா. நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்? வேலையும் வாணாம், சைக்கிளும் வாணாம். சட்டுபுட்டுன்னு ஒரு எடத்தப் பாத்து முடிச்சிடணும்."

"நான் ஒழுங்காதான் ஓட்டினேன் பெரிப்பா. பிரேக் புடிக்கல," என்றாள் அக்கா.

"பிரேக் புடிக்கலயாம்! உங்கப்பன் லேத்துக்காரன். அவன் பூட்டின வண்டில பிரேக் புடிக்காம பூடுமா? நீ வேகமா போயிருப்ப."

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா, "தோ வரேன்," என்று எழுந்து கொல்லைப் பக்கம் போனார். நான் பின்னாலேயே போனேன். சைக்கிள் விழுந்த அன்றிலிருந்து அங்கே சாய்ந்தபடி கிடந்தது. அப்பா ரிம்மில் கட்டைவிரலை வைத்து இழுத்தார். விரலைப் பார்த்தார். பிறகு துணி சோப்பை எடுத்துக்கொண்டுவந்து ரிம்மைக் கழுவ ஆரம்பித்தார். கழுவி, பிரேக் கட்டைகளை உப்புத்தாளால் பரக் பரக் என்று தேய்த்தார்.

நான் உள்ளே ஓடி, "அப்பா சக்கரத்துக்கு சோப்பு போட்டுக் கழுவுறாரு!" என்று கத்தினேன்.

பெரியப்பா திருப்தியாகத் தலையை ஆட்டினார். "கழுவட்டும். அந்தப் பீடை ஊட்ல இருக்கவே கூடாது," என்றார். அம்மா மஞ்சள் தண்ணீர் கரைத்து எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டாள். அக்கா மட்டும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"ரிம்மையா கழுவுறாரு?"

"ஆமா. கட்டையக்கூட உப்புத்தாள் வெச்சுத் தேய்க்கிறாரு."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா சொல்லிடுவாருடி," என்றாள் என் காதில். எனக்கு என்ன சொல்லிவிடுவார் என்று புரியவில்லை. நான் அஞ்சாம் வகுப்பு. அவளுக்குப் புரிந்திருந்தது. மிஷின் எண்ணெய் எந்தக் கையிலிருந்து வந்திருக்கும் என்று அவள் ரோட்டிலேயே மோந்து பார்த்துவிட்டாளே.

அப்பா உள்ளே வந்தார். கை ஈரமாக இருந்தது. வேட்டியில் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார். சூப்பர்வைசர் அம்மா இன்னும் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

"இன்னாடா சொல்ற?" என்றார் பெரியப்பா.

அப்பா யார் முகத்தையும் பார்க்கவில்லை. "அண்ணன் சொல்றாப்லயே செஞ்சிடலாம்," என்றார்.

சூப்பர்வைசர் அம்மா எழுந்து, அக்காவின் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். அக்கா அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு இத்தனை வருஷம் இப்படி உறுத்தியிருக்காது. சாத்துக்குடியை உரித்து ஒரு சுளையை என் வாயில் வைத்தாள்.

தையில் கல்யாணம். மாப்பிள்ளைக்குத் திருநின்றவூரில் கடை. நல்ல மனுஷர்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அக்காவின் இடது முழங்கை அதன்பிறகு முழுசாக நீளவே இல்லை, வேலைக்கும் அவள் போகவே இல்லை.

அப்பாவைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பட்டறையில் மிஷின் பெல்ட்டில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால், வழுக்கிவிடும் என்று வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற மனுஷர் அவர். தன் மகள் சைக்கிளில் தானே அந்தத் தப்பைச் செய்துவிட்டதாக அண்ணன் எதிரில், அதுவும் கம்பெனிக்காரர்கள் எதிரில், எப்படிச் சொல்வது? வெட்கம் வாயை அடைத்துவிட்டது. ஊரும் பாவம் அவருக்கு வசதியாகத் திருஷ்டிக்காயைக் கொடுத்தது. இப்போது இந்த வயசில் எனக்கு அது புரிகிறது. புரிந்தாலும் கோபம் அடங்கவில்லை. ஒரு நிமிஷ வெட்கத்தைப் பொறுத்திருந்தால் அவள் நிரந்தரம் ஆகியிருப்பாள்!

இதைவிடக் கேளுங்கள். நான் எட்டாவது முடித்ததும், கோணி போட்டு மூடியிருந்த அதே சைக்கிளை அப்பா வெளியே எடுத்தார். புது பிரேக் கட்டை, புது டயர். "நீ எடுத்துகினு போம்மா," என்றார். பெரியப்பா மூச்சுவிடவில்லை, அம்மாவும் மூச்சுவிடவில்லை. அந்தச் சைக்கிளில்தான் நான் படித்தேன், ஆவடியில் வேலைக்கும் போனேன். பெண் பிள்ளையை எவ்வளவு தைரியமாக வளர்த்தார் உங்கள் அப்பா என்று ஆபீசில் சொல்வார்கள். எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

அந்தச் சைக்கிள் என் கைக்கு வந்த வருஷத்து ஆயுத பூஜைக்கு அக்கா இடுப்பில் குழந்தையோடு வந்திருந்தாள். கொல்லையில் அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, எண்ணெய் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால், பழைய பேப்பரைக் கிழித்து இரண்டு ரிம்மையும் சுற்றிச் சுற்றி மூடிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் துணி வைத்துக்கொண்டு நின்றேன். அக்கா வாசற்படியில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

"இன்னாத்துக்குப்பா பேப்பர் சுத்துற?"

அப்பா வேலை மும்முரத்தில் தலையைத் தூக்கவில்லை. "எண்ணெ பட்டா பிரேக் புடிக்காதும்மா," என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் கேட்டது யார் என்று அவருக்கு உறைத்தது. பேப்பரைப் பிடித்த கை அப்படியே நின்றது. மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் அந்த நிமிஷத்தில்தான், அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எதைக் கழுவினார் என்பது புரிந்தது.

அக்கா கோபப்படவில்லை. குழந்தையை இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

"தெரியும்பா. நீ கழுவின சத்தம் உள்ள எனக்குக் கேட்டுகினேதான் இருந்துச்சு," என்றாள். "கல்யாணத்துக்கு மொத நாள் வரைக்கும், வந்து சொல்லுவேன்னு உன்னையே பாத்துகினு இருந்தேன். அப்பால உட்டுட்டேன்."

சொல்லிவிட்டு, அம்மாவுக்குச் சுண்டல் தாளித்துக் கொடுக்க உள்ளே போய்விட்டாள்.

அன்று மாலை சூடம் ஏற்றும்போது அப்பா வரவில்லை. கூப்பிடப் போன அம்மாவிடம், தலைவலி என்று சொன்னார்.